மரை போன இடம்: இறக்கக்கண்டிப் பட்டறைகளின் கருவிப் பெட்டியில் இருக்கிற வரலாறு

திருகோணமலையின் வரலாறு எண்டு எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அது துறைமுகத்தில்தான் தொடங்கும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எண்டு ஒவ்வொருவராக வந்து போனதை நாங்கள் பள்ளிக்கூடத்திலும் படித்தோம், பல்கலைக்கழகத்திலும் படிக்கிறோம். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டதும் தெரியும், சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளின் கதையும் தெரியும். ஆனால் அந்தக் கப்பல்களையும் லொறிகளையும், பிறகு எங்கட ஊர்ப் பஸ்களையும் போட் எஞ்சின்களையும் ஓட வைத்த கைகளைப் பற்றி ஒரு பந்திகூட நாங்கள் படித்ததில்லை. வரலாற்றுத் துறை மாணவர்கள் நாங்கள், பட்டறை எங்களுக்குப் பாடமில்லை. இந்தக் கட்டுரை அந்த இடைவெளிக்குள் ஒரு சின்ன விசயத்தை மட்டும் எடுத்துப் பார்க்கிறது: போல்ட்டின் மரை.

நிலாவெளிக்கு வடக்கே, புல்மோட்டைக்குப் போற வீதியில் இருக்கிற கடற்கரை ஊர் இறக்கக்கண்டி. குச்சவெளிப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் வருகிறது. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் களப்பு, நடுவில் பாலம். தமிழரும் முஸ்லிம்களும் வாழுற மீன்பிடி ஊர். இந்த வீதியோரப் பட்டறைகளில் மோட்டார் சைக்கிள், ஓட்டோ, லேண்ட்மாஸ்டர், அவுட்போர்ட் எஞ்சின் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே திறந்து கிடக்கும். அங்க இருக்கிற கருவிப் பெட்டிகளைக் கிளறிப் பார்த்தால் ஒரு விசயம் கண்ணில் படும். மரை வெட்டுற கருவிகள் ஒரு வகையில் இல்லை. அங்குல அளவில் கொஞ்சம், மில்லிமீட்டர் அளவில் கொஞ்சம், எந்த நாட்டுக் கணக்கு எண்டே இப்ப ஆருக்கும் சொல்லத் தெரியாதது ரெண்டு மூண்டு. ஏன் இத்தனை? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் காலனித்துவம், சுதந்திரம், இறக்குமதிக் கட்டுப்பாடு, திறந்த பொருளாதாரம், யுத்தம், சுனாமி எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

மரை எண்டால் என்ன, அது எப்படிப் போகுது?

"அவனுக்கு மரை கழண்டிட்டுது" எண்டு ஊரில் சொல்லுவோம். உண்மையில் போல்ட்டின் மரை கழருவதில்லை, தேயும், நசுங்கும், உரியும். போல்ட்டை இறுக்கும்போது அது மிக நுட்பமாக இழுபடுகிறது, ஒரு ஸ்பிரிங் மாதிரி. இழுபட்டது திரும்பச் சுருங்கப் பார்க்கிற அந்த விசைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்குது. அந்த முழு விசையையும் தாங்குறது மரையின் சுற்றுகள். அதிலும் எல்லாச் சுற்றும் சமமாகத் தாங்குவதில்லை. முதல் இரண்டு மூன்று சுற்றுகளே பெரும்பகுதியைச் சுமக்கின்றன. அதனால்தான் தொடக்கத்தில் இருக்கிற மரை போனால் போல்ட் பாதி ஆழம் போயும் நிற்காது.

மரை போறதுக்கு நாலு காரணம் இருக்கு. ஒன்று, கோணலாகப் பிடித்து ஸ்பேனரால் ஏற்றுவது. இரண்டு, அளவுக்கு மீறி இறுக்குவது. மூன்று, துரு, அதிலும் உப்புக்காற்று. நாலாவது, வேறு அளவு முறைப் போல்ட்டைக் கொண்டுவந்து போடுவது. முதல் மூன்றும் எந்த நாட்டிலும் நடக்கும். நாலாவதுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கு.

ஆங்கிலேயரின் மரை, அமெரிக்கரின் மரை

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில்கூட ஒவ்வொரு பட்டறையும் தன்னுடைய மரையைத் தானே வெட்டியது. ஒரு பட்டறையின் போல்ட் இன்னொரு பட்டறையின் நட்டுக்குள் போகாது. ஜோசப் விட்வர்த் என்ற பொறியியலாளர் பல பட்டறைகளின் போல்ட்டுகளைச் சேர்த்து, அளந்து, அவற்றின் சராசரியை எடுத்து 1841இல் ஒரு பொது முறையை முன்வைத்தார். மரையின் கோணம் 55 பாகை, உச்சியும் அடியும் உருண்டை. ஒவ்வொரு விட்டத்துக்கும் அங்குலத்துக்கு இத்தனை சுற்று என்று கணக்கு. ரயில்வேயும் கப்பல் கட்டுமிடங்களும் அதை எடுத்துக்கொண்டன.

பேரரசு போன இடமெல்லாம் அந்த 55 பாகையும் போனது. திருகோணமலைக்கு ரயில் பாதை 1927இல் வந்து சேர்ந்தது. கடற்படைத் தளத்தில் பட்டறைகள் இருந்தன. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்த பிறகு பிரித்தானியக் கிழக்குக் கடற்படைக்கு இலங்கை முக்கியத் தளமானது. துறைமுகத்தைச் சுற்றியிருந்த ஆட்கள் இயந்திர வேலை பழகியது பிரித்தானிய அளவுகளில்தான். பழைய மெக்கானிக்மார் "கால் அங்குலம்", "அரை அங்குலம்" எண்டு போல்ட்டுக்குப் பெயர் சொல்லுறதும் அந்த வழியில் வந்த பழக்கம்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் 60 பாகைக் கோணமும் தட்டை உச்சியும் கொண்ட மரையை முன்வைத்தார். அவர் சொன்ன காரணம் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது: விட்வர்த்தின் உருண்டை மரையைச் சரியாக வெட்டத் தேர்ந்த ஆளும் பல வெட்டுக் கருவிகளும் வேண்டும், 60 பாகைத் தட்டை மரையைச் சாதாரணத் தொழிலாளியே வெட்டலாம். ஆர் அதை வெட்டப் போறார் எண்ட கேள்வி அளவு முறைக்குள்ளேயே இருந்திருக்கு.

இரண்டு முறையும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்று. அரை அங்குலப் போல்ட்டில் விட்வர்த்துக்கு அங்குலத்துக்கு 12 சுற்று, அமெரிக்கப் பருமரைக்கு 13 சுற்று. ஒரே ஒரு சுற்று வித்தியாசம். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படைகள் அமெரிக்க லொறிகளையும் டாங்கிகளையும் ஓட்டியபோது இந்த ஒரு சுற்று பெரிய தலையிடியானது. உதிரிப் போல்ட் இரண்டு வகையாக வைத்திருக்க வேண்டும், ஸ்பேனர் இரண்டு வகை, டெப் இரண்டு வகை. போர் முடிந்த பிறகு பிரித்தானியா, அமெரிக்கா, கனடா மூன்றும் 1948 நவம்பர் 18இல் ஒரு பொது அங்குல மரைக்கு உடன்பட்டன. 60 பாகை வென்றது. பட்டறையில் யூ.என்.எஃப், யூ.என்.சி எண்டு சொல்லுறது அதைத்தான்.

1948 எங்களுக்கு வேறு காரணத்துக்காக ஞாபகத்தில் இருக்கிற ஆண்டு. பெப்ரவரி 4இல் இலங்கைக்குச் சுதந்திரம். அதே ஆண்டு லண்டன் மோட்டார் கண்காட்சியில் மொறிஸ் மைனர் கார் அறிமுகமானது, பிறகு எங்கட வீதிகளின் அடையாளமாகவே மாறிய கார். அந்த முதல் மைனரின் எஞ்சினில் ஒரு விசித்திரம்: போல்ட்டின் தலை விட்வர்த் ஸ்பேனருக்கு, மரை மட்டும் மெட்ரிக். மொறிஸ் 1923இல் வாங்கிய கொவென்ட்ரி எஞ்சின் தொழிற்சாலை ஹொட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பனியுடையது. இயந்திரங்கள் மெட்ரிக்கில் வெட்டின, ஆனால் ஆங்கில மெக்கானிக்கின் கையில் இருந்தது விட்வர்த் ஸ்பேனர், அதனால் தலையை மட்டும் அவருக்கு ஏற்ற மாதிரிச் செய்தார்கள். 1952க்குப் பிறகு மைனருக்கு ஒஸ்ரினின் ஏ வரிசை எஞ்சின் வந்தது, மரை யூ.என்.எஃப் ஆனது. ஒரே பெயருள்ள கார், ஆண்டைப் பொறுத்து மரை வேறு. பழைய மெக்கானிக் ஒருவர் காரைப் பார்த்ததும் முதலில் "எத்தனையாம் ஆண்டு?" எண்டு கேக்கிறது சும்மா இல்லை.

கதவு மூடின காலம், திறந்த காலம்

1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் கையளித்தது. ஆட்கள் போனார்கள், அளவுகள் போகவில்லை. 1958இல் தொடங்கிய இலங்கைப் போக்குவரத்துச் சபை லண்டனில் ஓடி முடிந்த பழைய இரட்டைத்தட்டு பஸ்களையும் வாங்கி ஓட்டியது. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்து வாகன இறக்குமதி இறுகியது, 1970 முதல் 1977 வரை அது இன்னும் இறுகியது. புதுசு வராத நாட்டில் பழசைத்தான் ஓட்ட வேண்டும். ஒரு சிலிண்டர் ஹெட்டில் மரை போனால் வேறு ஹெட் வாங்குவது என்ற தெரிவே இல்லை. லேத்தில் ஒரு புஷ் கடைந்து, வெளியே பெரிய மரை, உள்ளே பழைய அளவு மரை போட்டு, ஓட்டையைப் பெருப்பித்து இறுக்கினார்கள். இன்று கம்பனிகள் பெட்டியில் போட்டு விற்கிற "மரைச் செருகி" எண்ட யோசனையின் கைவேலை வடிவம் அது.

1977இல் பொருளாதாரம் திறந்தது. ஜப்பானிலிருந்து பாவித்த வாகனங்கள், ஹொண்டா கப் மோட்டார் சைக்கிள்கள், யமஹா, சுசுக்கி எஞ்சின்கள் எல்லாம் வந்து இறங்கின. பிறகு இந்திய ஓட்டோக்கள். இவையெல்லாம் மெட்ரிக். பட்டறையில் ஒரு பெட்டிக்குள் இரண்டு உலகம் சேர்ந்தது அப்போதுதான். நாங்கள் மேலே சொன்ன நாலாவது காரணமும் அப்போதுதான் பெருகியது.

ஒரு உதாரணம். 5/16 அங்குலப் போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ. எம் 8 போல்ட்டின் விட்டம் 8 மி.மீ. கையில் வைத்துப் பார்த்தால் ஒரே போல்ட். ஆனால் 5/16 விட்வர்த்திலும் யூ.என்.சியிலும் அங்குலத்துக்கு 18 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 1.41 மி.மீ. எம் 8இல் ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. அங்குலப் போல்ட்டை மெட்ரிக் ஓட்டைக்குள் விட்டால் கையால் ஒரு சுற்று, இரண்டு சுற்று போகும், பிறகு இறுகும். "துருவாக்கும்" எண்டு நினைத்து ஸ்பேனரைப் போட்டால் அலுமினியத்தின் மரை முழுக்க உரிந்து வரும். மெட்ரிக்குக்குள்ளேயும் இதே சிக்கல் இருக்கு: எம் 10 போல்ட் ஜப்பான் வாகனங்களில் பெரும்பாலும் 1.25 சுற்று, ஐரோப்பிய வண்டிகளில் 1.5.

யுத்த காலம்

1990 ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கிய பிறகு வடக்கில் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி முதல் எத்தனையோ பொருட்கள் தடைப்பட்டன. யாழ்ப்பாணத்தில் பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய கதை எங்கட பெற்றோர் தலைமுறைக்கு நல்லாத் தெரியும். ஸ்டார்ட் பண்ண மட்டும் துளி பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய். அந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு எண்டபடியால்தான் அது சாத்தியமானது. ஆனால் மண்ணெண்ணெய் முழுசாக எரியாது, கரி படியும். கரி சுரண்ட ஹெட்டைக் கழற்ற வேணும். ஒவ்வொரு தரம் கழற்றிப் பூட்டும்போதும் மரை கொஞ்சம் தேயும். புதுப் போல்ட் கிடையாது.

கருவியும் கிடைக்காத இடத்தில் பட்டறைகளில் ஒரு வழி இருந்தது. நல்ல உறுதியான போல்ட் ஒன்றை எடுத்து, அதன் நீளவாட்டில் மூன்று நாலு வெட்டு, இரும்பு அறுக்கிற வாளால். அந்த வெட்டுகள் அழுக்கையும் துகளையும் வாங்கிக்கொள்ளும், போல்ட்டின் மரை உள்ளே போய் நசுங்கின மரையை நிமிர்த்தும். உலகம் முழுக்கப் பட்டறைக்காரர் தெரிந்த யுக்திதான் அது. ஆனால் மற்ற இடங்களில் சோம்பலுக்குச் செய்வதை இங்கே தேவைக்குச் செய்தார்கள்.

கிழக்கில், திருகோணமலைக்கு வடக்கே இந்தக் கரையோரத்தில், தடை வேறு மாதிரி இருந்தது. இடம்பெயர்வு, கடலுக்குப் போக நேரக் கட்டுப்பாடு, எஞ்சினின் குதிரைவலுவுக்கே கட்டுப்பாடு. சின்ன எஞ்சினை நாள் முழுக்க முறுக்கி ஓட்ட வேண்டி வந்தால் அதன் போல்ட்டுகள் அதிரும், தளரும், திரும்ப இறுக்கப்படும். யுத்தத்தை இயக்கங்களின், இராணுவங்களின் திகதிகளால் மட்டும் எழுதினால் இந்தத் தேய்மானம் எந்தப் பக்கத்திலும் வராது.

உப்பும் அலுமினியமும்

2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையை அடித்தது. போட்டும் வலையும் எஞ்சினும் அள்ளுப்பட்டுப் போயின. பிறகு உதவி வந்தது, கண்ணாடி நார்ப் போட்டுகளும் அவுட்போர்ட் எஞ்சின்களும் கரையில் பெருகின. இண்டைக்கு இறக்கக்கண்டி போன்ற ஊரில் மரை போற வேலை அதிகம் வருவது இந்த எஞ்சின்களில்தான். கார் எஞ்சினில் நடக்கிறதே இங்கேயும் நடக்கும், ஆனால் உப்பால் பல மடங்கு வேகமாக.

காரணம் இரசாயனம். எஞ்சின் உடல் அலுமினியம், போல்ட் துருப்பிடியா உருக்கு. இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்புத் தண்ணி. அது ஒரு சின்ன பற்றரி மாதிரி வேலை செய்யும். அதில் கரைவது அலுமினியம். கரைந்த அலுமினியம் வெள்ளைத் தூளாக மரையின் இடுக்குக்குள் இறுகி, போல்ட்டைச் சீமெந்து பூசின மாதிரிப் பிடிக்கும். நிலாவெளியில் உப்பளம் வைக்கிற அளவுக்கு வெயிலும் உப்பும் உள்ள பகுதி இது. அதைத் திருப்பினால் ஒன்றில் போல்ட் முறியும், இல்லாட்டி மரையோடு வெளியே வரும். பிளக் போடுற ஓட்டை ஒன்று போனால் எஞ்சின் கரையில் நிற்கும். கடல் அமைதியாக இருக்கிற மாதங்களில் ஒரு எஞ்சின் கரையில் நிற்பது எண்டால் ஒரு வீட்டின் உழைப்பு கரையில் நிற்குது எண்டு அர்த்தம். ஆக, எந்தக் கருவியை எடுக்கிறது எண்டது அங்கே சின்னத் தெரிவு இல்லை.

எந்தக் கருவியை எடுக்கிறது?

பட்டறைகளில் இருந்து பார்த்து, கேட்டு, படித்து நாங்கள் விளங்கிக்கொண்ட ஒழுங்கு இது. நல்ல மெக்கானிக் எப்பவும் குறைவாக வெட்டுற கருவியிலிருந்துதான் தொடங்குவார்.

முதலாவது, கருவியே இல்லாத கட்டம்: எண்ணெய் விட்டுக் காத்திருப்பது, பிறகு சூடு. அலுமினியம் சூட்டில் உருக்கைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். அதனால் போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கினால் ஓட்டை பெருக்கும், பிடி தளரும். பெற்றோல் டாங்கையும் கார்புரேட்டரையும் கழற்றித் தூர வைத்த பிறகு மட்டும்.

இரண்டாவது, அளவு பார்ப்பது. மரை அளவி எண்ட பல் பலாகத் தகடு இருந்தால் நல்லது. இல்லாட்டி அளவு தெரிந்த போல்ட் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, மரையோடு மரை பொருந்துதா எண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். இதைத் தவறவிட்டால் அதற்குப் பிறகு செய்யிற எல்லாமே பிழை.

மூன்றாவது, மரை நசுங்கியிருக்கு, ஆனால் உலோகம் இன்னும் அங்கேயே இருக்கு எண்டால் மரை துப்பரவாக்குற கருவி. பார்க்க டெப் மாதிரித்தான் இருக்கும், ஆனால் வெட்டாது, பழைய தடத்தை நிமிர்த்தும். இந்த இடத்தில் டெப்பை விடுவதுதான் அடிக்கடி நடக்கிற பிழை. டெப் புது மரை வெட்டச் செய்த கருவி. தேய்ந்த ஓட்டைக்குள் போனால் இருக்கிற உலோகத்தையும் கொஞ்சம் சீவிக்கொண்டு வரும், பிடி இன்னும் குறையும். வெளிமரைக்கு, அதாவது போல்ட்டின் மரைக்கு, டை அல்லது மரை அரம். இதிலும் அரம்தான் குறைவாக வெட்டும்.

நாலாவது, போல்ட் உள்ளே முறிந்திருந்தால். நுனி வெளியே தெரிந்தால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் பண்ணி ஸ்பேனரால் திருப்பலாம், வெல்டிங் சூடே பிடியையும் தளர்த்தும். உள்ளே முறிந்தால் சரியாக நடுவில் புள்ளி குத்தி ட்ரில் பண்ண வேணும். இடக்கைச் சுற்று ட்ரில் பிட் இருந்தால் துளைக்கும்போதே சில நேரம் போல்ட் கழண்டு வந்துவிடும். அதுக்குப் பிறகுதான் "ஈஸி அவுட்" எண்டு சொல்லுற இடச்சுற்றுப் பிடுங்கி. பேரில் "ஈஸி" இருக்கு, வேலையில் இல்லை. அது மிகக் கடினமான உருக்கு, கடினமானது எண்டபடியால் நொறுங்கும். உள்ளே முறிந்தால் சாதாரண ட்ரில் அதைத் தொடவே தொடாது. எண்ணெயும் சூடும் போடாமல் முதலிலேயே இதை எடுக்கிறவரிடம் எஞ்சினைக் கொடுக்க வேண்டாம் எண்டு அனுபவமுள்ளவர்கள் சொல்லுவார்கள்.

ஐந்தாவது, மரையே இல்லை எண்ட கட்டம். இங்கே மூன்று வழி. பெரிய அளவுப் போல்ட்டுக்கு மரை வெட்டுவது மலிவு, ஆனால் சுற்றிவரச் சுவர் தடிப்பாக இருக்க வேணும், மேல் பாகத்தின் ஓட்டையையும் பெருப்பிக்க வேணும். வெட்டுவதற்கு முன் துளைக்கிற அளவுக்கு ஒரு சுலபக் கணக்கு இருக்கு: விட்டத்திலிருந்து சுற்றின் அளவைக் கழிக்கிறது. எம் 6இல் சுற்று 1 மி.மீ., எனவே 5 மி.மீ. ட்ரில். எம் 8இல் 1.25, எனவே 6.8. டெப்பை ஒரு சுற்று முன்னே, அரைச் சுற்று பின்னே எண்டு போக வேணும், துகள் முறிந்து விழுவதற்கு. அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் விட்டு வெட்டினால் மரை சுத்தமாக வரும். தடைக் காலத்தில் காரை ஓட்டின அதே மண்ணெண்ணெய்.

இரண்டாம் வழி கம்பிச் சுருள் செருகி, ஹெலிகொயில் எண்ட பெயரில்தான் எல்லாரும் சொல்லுவார்கள். 1930களில் உருவாகி, இரண்டாம் உலகப் போரில் விமான எஞ்சின்களில் பரவியது. துருப்பிடியா உருக்குக் கம்பி, வெட்டுமுகம் சாய்சதுரம், அதைச் சுருளாக்கியிருக்கும். வெளிப்பக்கம் புது மரையில் உட்காரும், உள்பக்கம் பழைய அளவு மரையாக இருக்கும். எம் 8க்கு ஏறத்தாழ 8.3 மி.மீ. துளை, அதற்கென்றே உள்ள டெப், செருகும் கருவி மூன்றும் வேணும். சுருள் மேற்பரப்புக்குக் கால் சுற்றாவது கீழே உட்கார வேணும், அடியில் உள்ள நாக்கை முறித்து வெளியே எடுக்க வேணும். ஒழுங்காகப் போட்டால் அலுமினியத்தின் பழைய மரையைவிட உறுதி. சைலன்சர் போல்ட், எஞ்சின் மூடிப் போல்ட் போன்றவற்றுக்கு இதுதான் நல்ல தெரிவு.

மூன்றாம் வழி திடப் புஷ். பிளக் ஓட்டைக்கும், அடிக்கடி கழற்றுகிற ஓயில் நட் ஓட்டைக்கும் இதுவே பாதுகாப்பு. கம்பிச் சுருள் பிளக்கோடு சேர்ந்து சுழன்று வெளியே வரக்கூடும், திடப் புஷ் அப்படி வராது. பிளக் அளவும் பார்க்க வேணும்: ஹொண்டா சி 50 போன்ற சின்ன எஞ்சினில் 10 மி.மீ., பல அவுட்போர்ட் எஞ்சின்களிலும் பழைய கார்களிலும் 14 மி.மீ. ஹெட்டைக் கழற்றாமல் துளைத்தால் துகள் சிலிண்டருக்குள் விழும். ட்ரில்லுக்குக் கிரீஸ் பூசுவது துகளைக் கொஞ்சம் பிடிக்கும், முழுசாகப் பிடிக்காது. ஒரு பருவ உழைப்பு அந்த எஞ்சினில் தங்கியிருந்தால் ஹெட்டைக் கழற்றித்தான் செய்ய வேணும்.

கடைசியாக இறுக்குவது. அலுமினியத்தில் இருக்கிற எம் 6 போல்ட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் போதும். 20 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்ட அளவு அது. ஸ்பேனரில் பைப்பைக் கொழுவி இறுக்கிறவர்கள் அந்தப் பையைப் பல மடங்கு பெருக்குகிறார்கள். பூட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் உப்பு உள்ளே போகாது. அடுத்த முறை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார்.

ஏன் இதை எழுதுகிறோம்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் நாடே வங்குரோத்தானது. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இந்த ஐந்து வருசத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் விலை எங்கே போனது எண்டு எல்லாருக்கும் தெரியும். 1970களில் நடந்தது திரும்ப நடந்தது: மாற்ற முடியாது, திருத்து. அப்போது கைகொடுத்தது கடையில் வாங்கின கருவி மட்டும் இல்லை, எந்தக் கருவியை எப்ப எடுக்கிறது, எப்ப எடுக்காமல் விடுறது எண்ட அறிவும்தான்.

அந்த அறிவு எங்கே எழுதப்பட்டிருக்கு? கிட்டத்தட்ட எங்கேயும் இல்லை. ஒரு அண்ணனிடம், ஒரு நானாவிடம், பத்து வருசம் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துப் பழகினது. தமிழில் பாடநூல் சொல்லுகிற "திருகுபுரி", "சுரை" ஒரு பக்கம், பட்டறையின் "மரை", "நட்" இன்னொரு பக்கம், இரண்டும் சந்திப்பதில்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து வருகிற தம்பி சொல்லுகிற சொல் பட்டறைக்காரருக்கு விளங்காது, பட்டறைக்காரரின் சொல் தம்பியின் பரீட்சையில் வராது. கலைப்பீடத்தில் இருக்கிற எங்களுக்கு ஒரு வேலை இருக்கு எண்டால் அது இந்த இடத்தில்தான். சொற்களைச் சேர்க்கலாம். கருவிகளைப் படம் எடுத்து, எந்த ஆண்டு எப்படி வந்தது எண்டு கேட்டு எழுதலாம். வாய்மொழி வரலாறு எண்டு வகுப்பில் படிக்கிறோமே, அதைக் கோயில் தர்மகர்த்தாவிடமும் ஓய்வுபெற்ற அதிபரிடமும் மட்டும் செய்ய வேணும் எண்டு ஆரும் சொல்லவில்லை.

இன்னொரு விசயமும் இருக்கு. இந்தக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் பிரிந்து நின்ற, பிரிக்கப்பட்ட ஆண்டுகள் உண்டு. அந்த ஆண்டுகளை எழுதத்தான் வேணும். ஆனால் முறிந்த போல்ட்டோடு வருகிறவர் வேலை தெரிந்த ஆளைத்தான் தேடி வருகிறார். பட்டறை வரலாற்றை எழுதினால் அந்த வந்துபோதலும் பதிவாகும்.

விட்வர்த்தின் 1841ஆம் ஆண்டு முறையில் வெட்டின டெப்புகள் இந்த மாவட்டத்தில் இன்னும் எத்தனையோ வீடுகளில் துருப்பிடித்துக் கிடக்கும். டொக்யார்ட்டில் வேலை செய்த அப்பப்பாவின் பெட்டியாக இருக்கலாம், மூடின பட்டறையின் மூலையாக இருக்கலாம். பழைய இரும்புக்காரருக்குக் கிலோக் கணக்கில் நிறுத்துக் கொடுக்க முதல் அதில் பொறித்திருக்கிற எழுத்தை ஒருக்கால் வாசித்துப் பாருங்கோ. ஒரு படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கோ, ஆர் பாவித்தது, என்னத்துக்குப் பாவித்தது எண்டும் ரெண்டு வரி எழுதுங்கோ. கிடைக்கிறதையெல்லாம் வைத்து அடுத்த கட்டுரையில் ஒரு பட்டியலாவது போட இருக்கிறோம்.